காப்புப்படி: பொருநைக்கரை ஏடும் காந்த நாடாவும்

காப்புப்படி என்பது, மூலம் அழிந்துபோனாலும் அதிலுள்ள செய்தி அழியாதிருக்க முன்கூட்டியே எடுத்து வைக்கும் மறுபடி ஆகும். கணினித் துறையில் இதனை பேக்கப் என்பர். சர்வரில் உள்ள தரவுகளைக் காந்த நாடாவில் எழுதி வைப்பது இதன் பழைய முறைகளுள் ஒன்று. இன்றும் வழக்கில் உள்ளது. படியெடுத்துக் காக்கும் வழக்கம் கணினிக்கு மிக முற்பட்டது. திருநெல்வேலி வட்டாரத்து ஓலைச்சுவடிகளின் வரலாறும் நாடா இயக்கியின் பழுதுகளும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: எடுத்து வைத்த படியை யாரேனும் படித்துப் பார்த்தார்களா?

ஏடு பெயர்த்தெழுதுதல்

பனையோலை நிலையான பொருளன்று. பூச்சி அரிக்கும், ஈரம் ஏறினால் ஒன்றோடொன்று ஒட்டும், உலர்ந்துவிட்டால் தொட்ட இடத்தில் ஒடியும். ஆகவே ஓர் ஏடு நைந்துபோகும் முன் புதிய ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். பழந்தமிழ் நூல்கள் நம் காலம்வரை வந்தது ஒரே ஏட்டின் ஆயுளால் அன்று; தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதியவர்களின் உழைப்பால்தான்.

எழுதியவர்கள் பலர், ஏட்டின் இறுதியில் எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் குறித்து வைத்தனர். நெல்லைச் சீமையில் இக்குறிப்பு பெரும்பாலும் கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு கி.பி. 825-ல் தொடங்குவது. இன்று நாடாவின் மேல் ஒட்டப்படும் தேதிச் சீட்டு செய்யும் வேலையை அன்று இக்குறிப்பு செய்தது.

ஆழ்வார்திருநகரியில் கிடைத்த ஏடு

உ.வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதற்கு முன் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் பொருநை ஆற்றின் கரையூர்களுக்கும் வந்தார். பொருநை என்பது தாமிரபரணியின் பழம்பெயர். திருநெல்வேலியில் இருந்த கவிராயர் குடும்பத்தின் வீட்டில் சுவடிகள் ஒழுங்காக அடுக்கிப் பேணப்பட்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்தார். பின்னர் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றார். அங்கே லட்சுமண கவிராயர் வீட்டுச் சுவடிகளில் தேடியது அகப்படவில்லை. கவிராயரின் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து வந்த ஏட்டில்தான் முல்லைப்பாட்டு உள்ளிட்ட பத்துப்பாட்டுப் பகுதி இருந்தது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டில் இல்லாதது இன்னொரு வீட்டில் இருந்தது. படிகள் ஒரே இடத்தில் குவிந்திராமல் பிரிந்து கிடந்ததால் நூல் பிழைத்தது. முக்கியமான தரவின் ஒரு படியாவது வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று கணினித் துறையினர் இன்று வற்புறுத்துவதன் காரணமும் இதுவே.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் இவ்வட்டாரத்தில் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் காலத்து ஏடுகள் இருந்ததாக அறிந்து உ.வே.சா. அங்கே சென்றார். பழுதான ஏடுகளை நெருப்பில் இடுவதே முறை என்று நம்பி அவற்றை எரித்துவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தையும் அவர் எழுதியிருக்கிறார். ஏடுகளை யாரும் வெறுத்து அழிக்கவில்லை; அவற்றுள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஆளில்லாமல் போனதே அழிவின் காரணம்.

காந்த நாடாவின் வரலாறு

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் புளூமர் 1928-ல், தாள் நாடாவில் இரும்பு ஆக்சைடுத் தூள் பூசி ஒலியைப் பதிவு செய்யும் முறையைக் கண்டார். 1951-ல் யூனிவாக் கணினி, தரவுகளை எழுத உலோக நாடாவைப் பயன்படுத்தியது. 1952-ல் வந்த ஐ.பி.எம். 726 இயக்கி பிளாஸ்டிக் நாடாவில் எழுதியது.

2000-ல் எல்.டி.ஓ. என்னும் பொதுத் தரம் சந்தைக்கு வந்தது. அதன் முதல் தலைமுறைக் கார்ட்ரிட்ஜ், தரவைச் சுருக்காமல் 100 ஜிகாபைட் கொண்டது. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் கொள்ளும். அதனுள் சுற்றியிருக்கும் நாடாவின் நீளம் 1,035 மீட்டர். அகலமோ அரை அங்குலம்தான்.

வட்டுகள் மலிந்த காலத்திலும் நாடா நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எழுதி முடித்து அலமாரியில் வைத்த நாடா எந்தக் கணினியோடும் இணைந்திருப்பதில்லை. 2011 பிப்ரவரியில், மென்பொருள் பிழை ஒன்றால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தன. வெவ்வேறு இடங்களில் இருந்த இணைப்பிலுள்ள படிகளையும் அப்பிழை தாக்கியது. இணைப்பில் இல்லாத நாடாக்களை அது தொடவில்லை. அவற்றிலிருந்தே அஞ்சல்கள் மீட்கப்பட்டன.

நாடா இயக்கியில் பிழை கண்டறிதல்

நாடாவில் எழுதும் பணி தோல்வியடைந்தால் பழுது நான்கு இடங்களுள் ஒன்றில் இருக்கும்: நாடா, இயக்கி, இணைப்புக் கம்பி, மென்பொருள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் காரணம் தெரியாமலே போகும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே முறை.

முதலில் வேறொரு நல்ல கார்ட்ரிட்ஜைப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாக் கார்ட்ரிட்ஜிலும் பிழை வந்தால் ஐயம் இயக்கியின் மேலும் கம்பியின் மேலும் விழும். ஒரே கார்ட்ரிட்ஜ் இரண்டு இயக்கிகளிலும் பிழை காட்டினால் பழுது அந்த நாடாவில்தான். எழுத மறுக்கும் நாடாவில், எழுதத் தடை செய்யும் சிறு பொத்தான் தள்ளப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல நேரங்களில் சிக்கல் அவ்வளவு எளியது.

அடுத்தது ஹெட். டேப் ரெக்கார்டரில் பாட்டு மங்கினால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தது என் வயதினருக்கு நினைவிருக்கும். எல்.டி.ஓ. இயக்கியில் அப்படிச் செய்யலாகாது. இயக்கி கேட்கும்போது அதற்குரிய துப்புரவுக் கார்ட்ரிட்ஜைப் போட வேண்டும். கேட்காதபோதும் அடிக்கடி போட்டால் ஹெட் தேயும்.

பழைய ஸ்கசி இணைப்பில் இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண் இருந்தாலும், கம்பியின் இரு முனைகளிலும் முடிப்பான் இல்லாவிட்டாலும் பிழைகள் ஒழுங்கின்றி வந்துபோகும். சர்வர் தரவை மெதுவாக அனுப்பினால் நாடா நின்று, பின்னே சென்று, மீண்டும் ஓடும். செருப்புக்குப் பாலிஷ் போடும் துணி போல முன்னும் பின்னும் இழுபடும் நாடாவும் தேயும், ஹெட்டும் தேயும். இங்கே இயக்கியைப் பழி சொல்வதில் பயனில்லை; தரவு வரும் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

தலைமுறைப் பொருத்தமும் முக்கியம். எட்டாம் தலைமுறை இயக்கி ஏழாம் தலைமுறை நாடாவைப் படிக்கும். ஆறாம் தலைமுறையைப் படிக்காது. பழைய நாடா நன்றாக இருந்தும் படிக்கக் கருவி இல்லையென்றால், எழுத்துத் தெரியாதவன் கையில் கிடைத்த ஏட்டின் நிலைதான். ஆகவே புதிய இயக்கி வாங்கும்போது பழைய நாடாக்களையும் பெயர்த்தெழுத வேண்டும். மறையாக்கம் செய்து எழுதிய நாடாவுக்கு அதன் திறவுச்சொல்லையும் வேறிடத்தில் காக்க வேண்டும். எல்.டி.ஓ. நாடாவை வலுவான காந்தத்தால் அழித்து மீண்டும் பயன்படுத்த முயலக் கூடாது. ஹெட்டுக்கு வழிகாட்டும் தடங்கள் தொழிற்சாலையில் எழுதப்பட்டவை. அவை அழிந்தால் நாடா பயனற்றதாகும்.

சொல்லாமல் வரும் பழுது

மேலே கூறியவை அனைத்தும் பிழைச் செய்தி காட்டும் பழுதுகள். அவற்றைவிட ஆபத்தானது ஒரு செய்தியும் காட்டாத பழுது. லினக்ஸ் கணினியில் ஒரே நாடா இயக்கிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்றைப் பயன்படுத்தினால் எழுதி முடித்ததும் நாடா தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும்; மற்றொன்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் பெயரைக் கொண்டு அடுத்தடுத்து இரண்டு தொகுப்புகளை எழுதினால் இரண்டாவது, முதலாவதன் மேலேயே எழுதப்படும். இரண்டு முறையும் பணி வெற்றி என்றே திரை காட்டும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாகத் தரவுத்தளம் அழிக்கப்பட்டது. அங்கே ஐந்து வகையான காப்பு முறைகள் இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அவற்றை நம்ப முடியவில்லை. ஒரு முறை பல நாட்களாகத் தோல்வியடைந்து வந்திருந்தது. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் பொறுப்பாளர்களைச் சென்றடையவில்லை. ஊழியர் ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த படியே கைகொடுத்தது.

இதற்கு மருந்து ஒன்றுதான். குறித்த காலத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நாடாவை எடுத்து, கூடுமானால் வேறோர் இயக்கியில் போட்டு, கோப்புகளை மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். வகுப்பில் நோட்டைப் பார்க்காமல் கையெழுத்திடும் ஆசிரியருக்கு மாணவன் என்ன எழுதினான் என்பது தெரியாது. தேர்வு நாளில்தான் தெரியும்; அப்போது திருத்த நேரமிராது.

ஈரமும் வெள்ளமும்

எல்.டி.ஓ. நாடாவை நெடுங்காலம் வைத்திருக்க 16 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை. நெல்லையின் வெயிலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இவை தாமாக அமையா. பழைய நாடாக்கள் சிலவற்றில் பூச்சைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டும்போது பூச்சு ஹெட்டில் உரிந்து வரும். ஓலைக்கு நேர்ந்ததே நாடாவுக்கும் நேரும்.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. பத்துப்பாட்டு ஏடு பிழைத்த அதே ஊர்களில் இன்று பள்ளிப் பதிவேடுகளும் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளும் கணினிகளில் இருக்கின்றன. சர்வரும் அதன் நாடாக்களும் ஒரே கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருந்தால், ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும்.

முடிவுரை

தமிழில் படி என்ற சொல்லுக்கு நகல் என்றும் பொருள், வாசி என்றும் பொருள். ஆழ்வார்திருநகரி ஏடு நூலாயிற்று. கரிவலம்வந்தநல்லூர் ஏடு சாம்பலாயிற்று. முன்னதைத் தேடி வந்து ஒருவர் பிரித்துப் படித்தார். பின்னதை உரிய காலத்தில் படிக்க யாரும் வரவில்லை. நாடாவுக்கும் இதுவே நிலை. எடுத்த படியை வேறிடத்தில் வையுங்கள். அவ்வப்போது எடுத்துப் படித்தும் பாருங்கள்.