இராசபாளையம் நாய் வளர்ப்பு

இராசபாளையம் நாய் என்பது தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராசபாளையம் நகரின் பெயரால் வழங்கப்படும் வேட்டை நாயினமாகும். தோள்வரை சுமார் 65 முதல் 75 செ.மீ. உயரம் வளரும். பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இதன் அடையாளங்களாகக் கருதப்படுகின்றன. 2005 சனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை இவ்வினத்திற்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

வெண்மையும் செவித்திறனும்

வெள்ளைக் குட்டிகளே விரும்பப்பட்டதால் நிறமுடைய குட்டிகள் இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கப்பட்டு வந்தன. இவ்வினத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதற்கு இந்நிறத் தெரிவு ஒரு காரணமாகும். தோலுக்கு நிறமளிக்கும் உயிரணுக்கள் உட்செவிக்கும் தேவைப்படுகின்றன. அவை அங்கு இல்லாவிடின், பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் உயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன. ஒரு காது மட்டும் கேளாத நாய் இயல்பாகவே நடந்துகொள்வதால், கைதட்டிப் பார்த்து இக்குறையைக் கண்டறிய இயலாது. செவி நரம்பின் மின்துலங்கலை அளக்கும் சோதனை தேவை. ஒரு காது கேளாத நாயையும் இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தாதிருத்தல் நன்று.

இனப்பெருக்க விதிகள்

இந்திய அரசு 2017 இல் நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான விதிகளை வெளியிட்டது. இவற்றின்படி இனப்பெருக்கம் செய்வோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெண் நாய்க்குக் குறைந்தது 18 மாத வயதாகியிருக்க வேண்டும். வாழ்நாளில் ஐந்து ஈற்றுகளுக்கு மேல் கூடாது. 8 வாரம் நிறையாத குட்டிகளை விற்கக் கூடாது.

கூச்சமும் பழக்கமும்

இராசபாளையம் நாய்கள் பொதுவாக ஒருவரிடமே நெருங்கிப் பழகி, அயலாரிடம் ஒதுங்கி நிற்பவை. ஒதுங்குதல் வேறு, அச்சம் வேறு. அச்சம் ஓரளவு மரபுவழி வருவதால், மிகையாக அஞ்சும் நாய்களை இனப்பெருக்கத்திலிருந்து தவிர்க்க வேண்டும். குட்டிகள் ஏறத்தாழ 3 முதல் 14 வாரங்களுக்குள்ளேயே மனிதரையும் ஒலிகளையும் அஞ்சாமல் ஏற்கப் பழகுகின்றன. இக்காலத்தின் முதற்பாதி இனப்பெருக்கம் செய்வோரிடமும், மறுபாதி வாங்கியவரிடமும் கழிகிறது. எனவே பொறுப்பு இருவருக்கும் உரியது.

வளர்ந்த நாய் அஞ்சுமாயின், முதலில் அதன் செவித்திறனைக் கால்நடை மருத்துவரிடம் சோதிக்க வேண்டும். கேளாத நாயைப் பின்புறமாக வந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். அதனை முன்புறமாக அணுகி, கைச்சைகைகளால் பழக்கலாம். காது கேட்கும் நாயாயினும் விருந்தினர் அதனைத் துரத்திச் சென்று தடவலாகாது. அது தானாக நெருங்கும்வரை காத்திருக்க வேண்டும். உறுமுதல் ஓர் எச்சரிக்கையாகும். அதற்காக அடித்தால், நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளக்கூடும்.