புல்புல்: ஒரு பெயரும் இரு பறவைகளும்

பாடசாலை வேலியோரத்துக் கொய்யா மரத்தில் வந்தமர்ந்த பறவையைக் காட்டி, அதன் பெயரென்ன என்று ஐந்தாம் தரப் பிள்ளைகளைக் கேட்டேன். "கொண்டைக்குருவி சேர்" என்றார்கள். நான் அதைப் ‘புல்புல்’ என்று திருத்திக் கரும்பலகையில் எழுதினேன். அந்தத் திருத்தம் சரிதானா என்ற ஐயம் பின்னர்தான் எழுந்தது.

புல்புல் என்பது பாரசீகக் கவிதையோடு நம்மை வந்தடைந்த சொல். அரபு, துருக்கி, உருது மொழிகளிலும் அது உண்டு. பாரசீகர் அப்பெயரால் குறித்தது நைட்டிங்கேலை. பழுப்பு நிறம், கொண்டை கிடையாது, இரவிலும் பாடும். ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் ஆபிரிக்காவுக்குப் பறந்துவிடும். நம் மலைகளுக்கு அது வருவதில்லை. 12ஆம் நூற்றாண்டில் பரீதுத்தீன் அத்தார் இயற்றிய ‘மன்திகுத் தைர்’ காவியத்தில், ஸீமுர்க்கைத் தேடிப் புறப்படுமாறு ஹுத்ஹுத் அழைக்கும்போது, றோஜாவின் காதலைச் சாட்டாகச் சொல்லிப் பின்வாங்குவது இந்தப் புல்புல்தான். ஹாபிஸின் கஸல்களிலும் அதற்கு றோஜாவே கதி.

பாரசீகம் அரசமொழியாக விளங்கிய வட இந்தியாவில் இச்சொல் வேறொரு பறவைக்குரியதாயிற்று. கருந்தலை, சிறு கொண்டை, வாலடியில் சிவப்பு. கூண்டில் வளர்த்துச் சண்டைக்கு விட்டதும் இதைத்தான். ஆங்கிலேயரும் அப்பெயரையே எடுத்துக்கொண்டனர். வங்காளத்தில் புல்புல் பிள்ளைகளின் செல்லப்பெயர். 2019 நவம்பரில் வங்கக் கரையைத் தாக்கிய புயலுக்கும் அதுவே பெயர்.

விஞ்ஞானப் பெயரோ இன்னும் வேடிக்கை. 1766இல் லின்னேயஸ் இப்பறவைக்குக் ‘காஃபர்’ என்று பெயரிட்டார். தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்ற தவறான தகவலே காரணம். அந்நிலத்துக்கு ஐரோப்பியர் இட்ட பெயரின் வேர் அரபியின் ‘காபிர்’. கொய்யாப்பழம் கொத்தும் ஒரு குருவிக்கு இத்தனை பட்டங்கள்!

நமது மலையகத்துக்கே உரிய மஞ்சட்காதுப் புல்புல்லும் இப்பெயருக்குள் அகப்பட்டது. ஹக்கல பூங்காவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் காணலாம். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1851இல் எட்வர்ட் பிளைத் அதை விவரித்து விஞ்ஞானப் பெயர் சூட்டினார். மலைக்காட்டைவிட்டு இறங்காத அப்பறவையும் இன்று பாரசீகப் பெயரால்தான் உலகுக்கு அறிமுகம்.

பறவையோடு வாழ்ந்தவர்கள் இட்ட பெயர் வேறு. சிங்களத்தில் ‘கொண்டே குருல்லா’, தமிழில் கொண்டைக்குருவி. இரு மொழியாரும் கொண்டையைப் பார்த்தே அழைத்திருக்கிறார்கள். லயத்துப் பிள்ளைகள் சொன்னதும் அதையே.

நம் கவிஞர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பாரசீகப் புல்புல்லைச் சில வேளை குயிலாக்கிவிடுகிறார்கள். காகக் கூட்டில் முட்டையிடும் குயிலை றோஜாவின் காதலனாக்குவது எனக்கு ஒப்பவில்லை. அதைப் புல்புல் என்றே விட்டு, இராப்பாடி என ஒரு குறிப்புத் தரலாம். ஆனால் அதை வாசிப்பவர் கொய்யா மரத்துப் பறவையை நினைத்துக்கொண்டால் ஹாபிஸின் இரவு பகலாகிவிடும்.

தவணைப் பரீட்சையில் அந்தப் பறவையின் படம் வந்தது. கொண்டைக்குருவி என்று எழுதியவர்களுக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன். புல்புல் என்று எழுதியவர்களுக்கும்தான். அது நான் சொல்லிக்கொடுத்ததல்லவா.