பகை நாட்டுப் பிள்ளைகள் கேட்டு வாங்கிய பாடநூல்



இன்று ஜனவரி 22. 1963இல் இதே நாளில் பாரிசின் எலிசே மாளிகையில் பிரான்சு அதிபர் தெ கோலும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடினாவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1870, 1914, 1939 என்று மூன்று போர்களின் ஆண்டுகளை உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேனே, நினைவிருக்கிறதா? மூன்றிலும் எதிரெதிரே நின்றவை இந்த இரண்டு நாடுகள். தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று.

ஒப்பந்தத்தின் அரசியல் பகுதி சில மாதங்களிலேயே சூடு ஆறிவிட்டது. ஜெர்மன் நாடாளுமன்றம் தன் பங்குக்கு ஒரு முன்னுரையைச் சேர்த்துத்தான் அதை ஏற்றது. தெ கோலுக்கு அது பிடிக்கவில்லை. நிலைத்தது இளைஞர் பகுதிதான். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் பிறந்தது. செலவில் இரு அரசுகளுக்கும் சரிபாதி. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாக எல்லை தாண்டிப் போய்வந்திருக்கிறார்கள்.

ஆனால் தலைவர்களுக்கு முன்பே ஊர்க்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். 1950இல் பிரான்சின் மோன்பெலியார் நகரமும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரமும் உறவு நகரங்களாயின. மோன்பெலியாரின் மேயர் லூசியன் தாராடின், நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் கிடந்து உயிர் பிழைத்தவர். கசப்பதற்கு அவரைவிட யாருக்கு உரிமை உண்டு? 1962 செப்டம்பரில் தெ கோல் ஜெர்மன் இளைஞர்களிடம் பேசியதும் அதே லுட்விக்ஸ்பர்க்கில்தான். 1916இல் வெர்தன் போர்க்களத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுச் சிறையிருந்தவர், அவர்கள் மொழியிலேயே உரையை மனப்பாடம் செய்து பேசினார்.

இனி ஆசிரியர் வேலைக்கு வருவோம். இரண்டு நாட்டுப் பிள்ளைகளை ஒரே முகாமில் விட்டால் தானாக நட்பு வந்துவிடும் என்று எண்ணுவது எளிது. நடப்பது வேறு. சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு கூட்டமாகப் பிரிந்து உட்காருவார்கள். "இவர்கள் இப்படித்தான்" என்ற பழைய எண்ணம் இன்னும் கெட்டியாகித் திரும்புவதும் உண்டு. அதனால் முகாம் நடத்துவோருக்கே தனிப் பயிற்சி தேவைப்பட்டது. மொழி தெரியாத கூச்சத்தை விளையாட்டாலேயே உடைப்பது ஒரு வழி. ஒரு பிரெஞ்சுப் பிள்ளையையும் ஒரு ஜெர்மன் பிள்ளையையும் இணை சேர்த்து, ஒருவருக்கு மற்றவரை ஆசிரியராக்குவது இன்னொன்று. யாருடைய ஊரும் அல்லாத மூன்றாவது இடத்தில் கூடுவதும் உண்டு. அங்கே விருந்தாளி என்றும் வீட்டுக்காரர் என்றும் யாரும் இல்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும், வகுப்பு நடத்தியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். 2003 ஜனவரியில், ஒப்பந்தத்தின் நாற்பதாம் ஆண்டில், இரு நாட்டு மாணவர்களும் பெர்லினில் இளைஞர் நாடாளுமன்றமாகக் கூடினார்கள். இரு நாடுகளுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்றார்கள். பாடநூலைக் குறைக்கச் சொல்லாமல் கூடுதலாகக் கேட்ட மாணவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை!

அரசுகளும் ஒப்புக்கொண்டன. 2006இல் முதல் தொகுதி வந்தது. 2008, 2011இல் மற்ற இரண்டும். மொழிதான் வேறு, உள்ளடக்கம் ஒன்றே. எழுதியவர்களுக்குள் உரசல் வராமல் இல்லை. வியப்பு என்னவென்றால், பழைய போர்களைவிட 1945க்குப் பின் அமெரிக்காவின் பங்கை எப்படி எழுதுவது என்பதில் கருத்து வேறுபாடு கூடுதலாக இருந்தது. நூல் எல்லாப் பள்ளிக்கும் போய்விடவும் இல்லை. ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் பாடத்திட்டம் வேறு. பெரும்பாலும் இருமொழி வகுப்புகளில்தான் அது புழங்கியது. ஆனாலும் ஜெர்மனியும் போலந்தும் பின்னர் தங்களுக்கென்று அப்படியொரு நூலை எழுதிக்கொண்டன. 2016இல் மேற்கு பால்கனின் ஆறு அரசுகள், போர்க்காயம் ஆறாத நிலையிலும், இதே மாதிரியில் ஓர் இளைஞர் அலுவலகத்தை அமைக்க ஒப்பந்தம் செய்தன. அதன் தலைமையகம் அல்பேனியாவின் திரானாவில் இருக்கிறது.

நம் பிள்ளைகளில் பலர் இப்போது ஆசிரியர்கள். வெளிமாநில முகாம்களுக்கு மாணவர்களை அழைத்துப் போகிறவர்கள், அறைகளையும் சாப்பாட்டு வரிசையையும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.