கைப்பிடிக்குள் அடங்கும் பலம்

நெய்வேலியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அங்கே எத்தனை டன் நிலக்கரி வெட்டினார்கள் என்ற கணக்கைத்தான் சொல்வார்கள். வெட்டுவதற்கு முன்னால் போட்ட கணக்கு ஒன்று உண்டு. எனக்கு அதுதான் அதிக ரசமாகத் தோன்றுகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. 1940களில் நிபுணர்கள் வந்து அங்கங்கே துளையிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சில துளைகளில் தென்பட்டதைக் கொண்டு, ஒருவர் கண்ணிலும் படாத பூமியின் வயிற்றில் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 1956-ல் நிலக்கரிக் கழகம் பிறந்தது. 1957 மே 20-ந் தேதி நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல்தான் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளியே தெரிந்தது.

முழுவதையும் தோண்டிப் பார்க்காமலே இருப்பை அறிவது ஒரு வித்தை. அந்த ஊருக்கு நாலா ஜில்லாக்களிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் தென்பாண்டிச் சீமைக்காரர்களுக்கு இந்த வித்தை புதிதாக இருந்திராது. மண்ணின் இருப்பை அல்ல, மனிதனின் பலத்தை அளந்து பார்க்கிற கருவி ஒன்று அவர்களுடைய கிராமத்து மந்தையிலேயே கிடந்தது. அதுதான் இளவட்டக்கல்.

அதைத் தூக்குகிறவனுக்கே பெண் என்று பேசிக்கொண்டதால் அதற்குக் கல்யாணக்கல் என்றும் பெயர். உருண்டையான கல், வழுவழுப்பானது, பிடித்துக்கொள்ள ஒரு காதோ குமிழோ கிடையாது. குந்தி உட்கார்ந்து இரு கைகளாலும் அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, தொடைக்குக் கொண்டுவந்து, நெஞ்சிலே உருட்டி, தோளுக்கு ஏற்றி, முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவில் இன்றும் இந்தப் போட்டி நடக்கிறது. அங்குள்ள கற்களின் எடை 45, 60, 80, 98, 114, 129 கிலோ. இந்த வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். ஒவ்வொரு படியும் பதினைந்திலிருந்து இருபது கிலோவுக்குள் ஏறுகிறது. எண்பதைத் தோளில் ஏற்றி, தொண்ணூற்றெட்டைத் தொடையோடு விட்டுவிட்டவனுக்குத் தன் எல்லை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். காகிதமும் பென்சிலும் இல்லாத மதிப்பீடு இது!

கல் தூக்கும் ஆசை நமக்கு மட்டும் சொந்தமல்ல. கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் கிடைத்த ஒரு மணற்கல்லின் எடை சுமார் 143 கிலோ. பைபன் என்பவன் அதை ஒரே கையால் தலைக்கு மேலே தூக்கினான் என்று அந்தக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். காலம் கிறிஸ்து பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால், கையால் பற்றிக்கொள்வதற்காக அந்தக் கல்லில் ஒரு பள்ளம் குடைந்திருக்கிறார்களே, அதை மட்டும் நம்பித்தான் ஆக வேண்டும். எவ்வளவு பெரிய பலசாலிக்கும் முதல் கவலை பிடிதான்.

பிடியை அளக்க 1798-ல் பாரிஸ் நகரத்து ரெனியே ஒரு கருவி செய்தார். முட்டை வடிவத்தில் எஃகு வில். அதைக் கையால் அமுக்கினால் ஒரு முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். பெரோன் என்ற விஞ்ஞானி 1800-ல் புறப்பட்ட கப்பலில் அதைத் தென்கடல்களுக்கு எடுத்துப் போனார். டாஸ்மேனியாவிலும் தைமோரிலும் இருந்த மக்களை அமுக்கச் சொல்லிவிட்டு, ஐரோப்பியர்களே அதிக பலசாலிகள் என்று தீர்ப்பு எழுதினார். அந்தச் சாமானை அதற்கு முன் கண்ணாலும் கண்டிராதவன், யாரோ ஓர் அந்நியன் சொன்னதற்காக எவ்வளவு மூச்சைப் பிடித்து அமுக்கியிருப்பான்? முள் காட்டிய எண் ஒன்று. அந்த மனிதனின் பலம் வேறொன்று. அளவுகோலைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதும் அளவைப் போலவே முக்கியம் அல்லவா?

இந்தக் காலத்து வலுதூக்கும் போட்டிக்கு 1972-ல் சர்வதேச சம்மேளனம் ஏற்பட்டது. அதில் கடைசி அங்கம், தரையில் கிடக்கும் கம்பியைப் பற்றி நிமிர்ந்து நிற்பது. காலும் முதுகும் தயாராக இருக்கும். விரல்தான் துரோகம் செய்யும். கம்பி உருண்டு விரல் நுனிக்கு நழுவும். இதற்கு ஒரு யுக்தி, ஓர் உள்ளங்கை தன்னைப் பார்க்கவும் மற்றது எதிரே பார்க்கவும் பிடிப்பது. ஒரு கையில் உருளப் பார்க்கிற கம்பியை மற்றொரு கை தடுத்துவிடும். ஆனால் எதிரே பார்க்கிற கையின் புஜத் தசை சில சமயம் கிழிந்துபோவதும் உண்டு. இன்னொரு யுக்தி, கட்டை விரலைக் கம்பியோடு சேர்த்து அதன்மேல் மற்ற விரல்களைப் பூட்டுவது. வலிக்கும், ஆனால் விடாது. தலைக்கு மேல் பளு தூக்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். வேலூரை அடுத்த சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே, அந்தத் துறையின் பிடி இது.

பயிற்சியில் மணிக்கட்டில் வார் கட்டிக்கொண்டு தூக்குகிறவர்கள் உண்டு. முதுகு முன்னேறும், கை பின்தங்கிவிடும். போட்டியிலோ வாருக்கு அனுமதி இல்லை. கடைசியாகத் தூக்கிய கம்பியைக் கீழே வைக்காமல் சில விநாடி பிடித்து நிற்பதும், உத்தரக் கம்பியில் தொங்குவதும், பருத்த பிடியுள்ள பளுவைத் தூக்குவதும் விரலுக்கு உரம் ஏற்றும். ஏற்றமும் கவலையும் இறைத்த பாட்டன்மாருக்கு இதையெல்லாம் யாரும் போதிக்கவில்லை. அவர்கள் உள்ளங்கையில் இருந்த காய்ப்பே அதற்குச் சாட்சி.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். ஒருவன் தன்னால் ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடையை, அதைத் தூக்காமலே அறிவதற்கு அமெரிக்கர்கள் சூத்திரம் வகுத்திருக்கிறார்கள். 1985-ல் எப்லி சொன்னது ஒன்று. 1993-ல் பிரிஸிக்கி சொன்னது மற்றொன்று. நூறு கிலோவை ஆறு முறை தூக்குகிறவனுக்கு முன்னவர் 120 என்கிறார். பின்னவர் 116 என்கிறார். பத்து முறை தூக்கினால் இருவரும் 133 என்று ஒத்துப்போகிறார்கள். பத்துக்கு மேலே போனால் சூத்திரத்தை நம்புவதற்கில்லை. அங்கே சோதனையாவது பலம் அல்ல, மூச்சு.

போட்டியில் ஒவ்வொரு அங்கத்துக்கும் மூன்று வாய்ப்புகள். ஒரு முறை முயன்ற எடையை அடுத்த வாய்ப்பில் குறைக்க முடியாது. மூன்றிலும் தோற்றால் போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். ஆகையால் முதல் எண்ணைச் சொல்லும்போது வாய் சற்று அடக்கமாக இருப்பது நல்லது. பக்கத்துப் பையன் சொன்ன எண்ணுக்கு மேலே பத்தைக் கூட்டிச் சொல்கிறவன் தன் பலத்தை மதிப்பிடவில்லை. பிறர் கண்ணில் தனக்குள்ள மதிப்பைக் கணக்குப் பார்க்கிறான். அந்தக் கணக்கின் வட்டியை வாழ்நாள் முழுவதும் முதுகெலும்பு கட்டுகிறது.

நெய்வேலியிலும் இருப்பு எவ்வளவு என்று சுரங்கம் திறப்பதற்கு வெகு முன்னாலேயே தெரிந்திருந்தது. ஆனால் படிவத்துக்குக் கீழே ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருந்தது. அதை ஓயாமல் இறைத்து அடக்கிப் பிடித்த பிறகே ஒரு கூடை கரியாவது மேலே வந்தது. இருப்பு அறிந்தால் போதாது, பிடியும் வேண்டும். பிடி உள்ளவனுக்கும் இருப்பு தெரிய வேண்டும். வடலிவிளைக் கற்கள் இரண்டையும் சேர்த்தே கற்பிக்கின்றன. தொண்ணூற்றெட்டு கிலோவைக் கீழே வைத்துவிட்ட இளைஞனுக்கு அதில் அவமானம் ஒன்றும் இல்லை. கல் எங்கேயும் ஓடிப் போவதில்லை; அடுத்த பொங்கலுக்கும் அதே மந்தையில்தான் கிடக்கும்.