விபத்தும் விமானியின் பொறுப்பும்

1900இல் போயர் போர்க்கைதிகளின் முகாமாக இருந்த தியத்தலாவை, இன்று பதுளை மாவட்டத்தின் படைப் பயிற்சி நகரம். இளைஞர்களைப் போருக்குப் பழக்கும் ஊர்களில் ஒரு கேள்வி எழுந்தே தீரும்: புதியவன் விபத்துக்குள்ளானால் குற்றம் யாருடையது? எழுத்தாளர் ரோல்ட் டாலின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது. 1939இல் நைரோபியில் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்த அவர், டைகர் மோத் விமானத்தில் பறக்கக் கற்று, ஈராக்கின் ஹபானியாவில் மேற்பயிற்சி பெற்றார். 1940 செப்டெம்பர் 19 அன்று, தனிப்பயிற்சி ஏதும் பெறாத கிளாடியேட்டர் விமானத்தை எகிப்தியப் பாலைவனத்தின் மேல் ஓட்டிச் சென்றார். இறங்கவேண்டிய தளம் கண்ணில் படவில்லை, எரிபொருள் குறைந்தது, இருளும் சூழ்ந்தது. மணலில் இறக்க முயன்றபோது விமானம் மோதித் தீப்பற்றியது. மண்டையோடு உடைந்து, பல வாரங்கள் பார்வையின்றிக் கிடந்தார்.

அந்த நிலத்தில் இறங்கத் துணிந்தவர் அவர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவருக்குச் சொல்லப்பட்ட இடமே தவறு என்று விசாரணை கண்டறிந்தது. பிழையான வழிகாட்டலும் போதாத பயிற்சியும் சேர்ந்த இடத்தில், கடைசி நொடியின் முடிவை மட்டும் குற்றமாக்குவது நியாயமன்று. அவரது பிற்காலமும் அதையே மெய்ப்பிக்கிறது: 1941இல் கிரேக்கத்தில் ஹரிக்கேன் விமானத்தில் போரிட்டார். 1942இல் வெளியான அவரது முதற்கட்டுரை, எதிரி சுட்டு வீழ்த்தியதாகவே நிகழ்வைச் சித்திரித்தது. 1986இல் தன் நினைவுநூலில் உண்மையை எழுதினார். வீரக்கதை விபத்தின் காரணத்தை மறைக்கிறது. விசாரணையே அடுத்த பயிற்சியாளனைக் காக்கிறது.