தாழியும் கல்லறைத் தோட்டமும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத் தோட்டங்களைக் கடந்து, மூணாறு வழியாக மறையூர் செல்வோர், அங்குள்ள பாறைச் சரிவுகளில் கல்லாலான சிற்றறைகளைக் காண்பர். பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த இவற்றை மக்கள் 'முனியறை' என்பர். முனிவர் தங்கிய இடம் என்பது ஊரார் நம்பிக்கை. பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமச் சின்னம் என்பது தொல்லியலார் முடிவு.

மலைக்கு இப்புறம், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ் எழுத்தின் தொன்மை வடிவம் பொறித்த மூன்று நடுகற்கள் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டன. ஆநிரை கவரும் பூசலில் மாண்ட அந்தவன் என்பானின் பெயரை அவற்றுள் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வந்துள்ளது.

சமவெளியில் இப்பணியைக் களிமண் ஏற்றது. போடியைத் தழுவி வரும் கொட்டகுடி ஆற்றின் நீர் சேரும் வைகையின் கரையில், கீழடியை அடுத்த கொந்தகையிலும், தெற்கே பொருநைக் கரை சார்ந்த ஆதிச்சநல்லூர், சிவகளையிலும் முதுமக்கள் தாழிகள் நிரம்பக் கிடைத்துள்ளன. இறந்தோரைச் சுடுதல், இடுதல், தாழியில் கவித்தல் முதலாக ஐவகை வழக்கங்களை மணிமேகலை கூறுகிறது. புறநானூற்றின் 256ஆம் பாடலிலோ, கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள்.

அத்தாழிகளுள் என்ன வைத்தனர்? எலும்புகளோடு சிறு கலங்களும், இரும்புக் கருவிகளும், தானியமும் இருந்தன. சிவகளைத் தாழி ஒன்றிலிருந்த நெல், கி.மு. 1155ஆம் ஆண்டளவினது என 2021இல் அறிவிக்கப்பட்டது. கடல்கள் கடந்த மெக்சிகோவின் மேற்கே, கொலிமாப் பகுதியில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்திய ஆழ்குழிக் கல்லறைகளில் மண்ணால் வனைந்த நாய் உருவங்கள் கிடைத்துள்ளன. ஒருவரையொருவர் அறியாத இவ்விரு மக்களும் இறந்தோரை வெறுங்கையோடு அனுப்ப மனம் ஒப்பவில்லை.

இதைக் கொண்டு, உயிர்த்தெழுதலை அவர்கள் அறிந்திருந்தனர் என்று நாம் சொல்லிவிடலாகாது. பிடி நெல் ஒரு மறைக்கல்வி ஆகாது. ஆயினும், அன்பு செய்தவரைக் குப்பையென எறிய மறுக்கும் மனம் இறைவன் மனிதருள் இட்ட வித்தன்றோ?

தாழிகள் மற்றொன்றையும் உரைக்கின்றன. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தபோது பொன்னாலான நெற்றிப் பட்டங்கள் கிடைத்தன. ஆனால் எல்லாத் தாழியிலும் பொன் இல்லை. வாழ்வில் இருந்த உயர்வு தாழ்வைச் சாவுக்குள்ளும் மனிதன் சுமந்து சென்றான்.

நம் மரபு வேறு வழி காட்டியது. ஆபிரகாம் சாராவை அடக்கம் செய்ய 400 வெள்ளிக்காசு கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்கினார். தோபித்தோ, நாதியற்று எறியப்பட்டிருந்த தம் இனத்தாரின் உடல்களைத் தம் உயிரையும் பொருட்படுத்தாது அடக்கம் செய்தார். இறந்தோரை அடக்கம் செய்தலைத் திருச்சபை இரக்கச் செயல்களுள் ஒன்றாக வைத்துள்ளது. அவ்விரக்கத்தில் குலம் பார்க்கும் விதி எதுவும் இல்லை.

அவ்வாறாயின், தமிழகத்தில் சில கல்லறைத் தோட்டங்களில் சாதியின் பெயரால் எழுந்த பிரிவினை இன்னும் முற்றாக நீங்காதிருப்பதை எவ்வாறு பொறுப்போம்? ஒரே திருமுழுக்குத் தொட்டியில் பிறந்தவரை ஒரே மண்ணில் உறங்க விடாதது, நற்செய்தி அறியாத முன்னோர் செய்ததினும் பெரிய குறை. அவர்களுக்குச் சொல்லப்படாதது நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

நவம்பர் 2ஆம் நாள் மெழுகுதிரியும் மலரும் ஏந்தி நாம் கல்லறைகளுக்குச் செல்கிறோம். நம்மவர் கல்லறையில் ஏற்றிய பின், வரப்புக்கு அப்பால் கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லறையிலும் ஒரு திரியை ஏற்றுவோம். பிரிவினை நீக்கும் பேச்சைப் பங்குப் பேரவையில் தொடங்கும் துணிவு அங்கிருந்து நமக்குப் பிறக்கட்டும்.