சொல்லும் சுரமும்: சிவகாசிப் பகுதிச் சபைகளில் ஆங்கிலிக்கன் பாடல் மரபு

சிவகாசியைச் சுற்றியுள்ள விஸ்வநத்தம், சாட்சியாபுரம் முதலிய ஊர்களைப் பற்றிப் பேசுவோர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் ஆகிய மூன்றையும் சொல்லி நிறுத்திவிடுவர். திருச்சபை வரலாற்றை ஆராய்வோர்க்கு இப்பகுதி வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. ஆங்கிலிக்கன் வழிபாட்டின் பாடல் மரபும், தமிழ்க் கீர்த்தனை மரபும், பின்னாளில் எழுந்த கிராமிய இசை வழிபாடும் ஒரே திருமண்டலத்தினுள் சந்தித்த நிலம் இது. அச்சந்திப்பில் எழுந்த வினா, ‘மேல்நாட்டு இசையா, நம் நாட்டு இசையா’ என்பதே என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வினாவிலும் ஆழமானதொன்று அதனடியில் உள்ளது என்பது நம் கருத்து: வழிபாட்டின் சொற்களைப் பாடும் உரிமை யாருடையது?

1854ஆம் ஆண்டில் சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் கஜேடன் ராக்லாந்து ஐயர், டேவிட் ஃபென், மெடோஸ் ஆகிய தோழர்களுடன் வட திருநெல்வேலியில் கூடார ஊழியத்தைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கி, அங்கே கல்லூரி ஆசிரியராகவும் இருந்த அவர், கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் மரித்தார். அவ்வூழியத்தின் பலனாக எழுந்த சபைகளுக்கு வேதாகமத்தோடு பொது ஜெப புஸ்தகமும் வந்தது. அதனுடன் சங்கீதங்களையும் மரியாளின் பாட்டையும் சிமியோனின் பாட்டையும் ‘சாண்ட்’ என்னும் முறையில் பாடும் வழக்கமும் வந்தது.

இம்முறையின் அமைப்பை இறையியல் மாணவர் அறிந்திருத்தல் நலம். ஒற்றைச் சாண்டில் பத்துச் சுரங்கள் உண்டு. முதல் பாதிக்கு நான்கு. இரண்டாம் பாதிக்கு ஆறு. ஒவ்வொரு பாதியின் முதற்சுரமும் ஓதுசுரம். வசனத்தின் பெரும்பகுதி அந்த ஒரே சுரத்தில் ஓதப்படும். எஞ்சிய சுரங்கள் வசனத்தின் கடைசிச் சொற்கள்மேல் விழும். உரைநடையான வசனம் எவ்வளவு நீண்டாலும் ஓதுசுரம் அதைத் தாங்கிக்கொள்ளும் என்பதே இதன் திறமை. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்கள் இணையும்போது பேராலயத்தில் அது மிகுந்த கம்பீரம் பெறுகிறது.

ஆனால் இது ஆதித்திருச்சபையிலிருந்து மாறாமல் வந்த முறை என்று நினைப்பது தவறு. எந்தச் சொல்லில் சுரம் மாறவேண்டும் என்று குறியிட்டு முதன்முதல் அச்சான சங்கீதப் புத்தகம், ஈலி பேராலயத்து ஆர்கன் இசைஞர் ராபர்ட் ஜேன்ஸ் 1837இல் வெளியிட்டது. ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் கட்டிய ஆலயம் 1826இல் எழுந்தது. கிறிஸ்மஸ் காலத்தில் நாம் பாரம்பரியம் என்று போற்றும் ஒன்பது வாசகங்களும் கீதங்களும் கொண்ட ஆராதனையோ, 1880இல் ட்ரூரோ நகரத்தில் ஒரு தற்காலிக மரக்கட்டடத்தில் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அதை 1918இல்தான் மேற்கொண்டது. ராக்லாந்து ஐயரின் கூடாரத்தைவிட இளையது அது!

மரபின் வேரைக் காண வேண்டுமானால் இன்னும் பின்னே செல்லவேண்டும். 1544இல் பேராயர் கிரான்மர் அரசன் எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில், மன்றாட்டுப் பாடல்கள் சுரக்கோவைகளால் நிறைந்திராமல், கூடியவரை ஓர் அசைக்கு ஒரு சுரம் என அமையவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கேட்போர் சொல்லைத் தெளிவாக உணர்ந்து பக்தியோடு பாடவேண்டும் என்பதே அவரது நோக்கம். 1550இல் ஜான் மெர்பெக் வெளியிட்ட இசைக்குறிப்புடன் கூடிய ஜெப புத்தகம் இவ்விதியைப் பின்பற்றியது. சொல்லுக்கு இசை பணிசெய்யவேண்டும் என்பது ஆங்கிலிக்கன் பாடல் மரபின் முதல் இலக்கணம் எனலாம்.

இந்த இலக்கணத்தை வைத்தே தமிழில் பாடப்பட்ட சாண்டை அளந்து பார்ப்போம். ஆங்கிலத்தில் சொல்லுக்கு அழுத்தம் உண்டு. சாண்டின் இறுதிச் சுரங்கள் அழுத்தம் பெற்ற அசைகளில் இறங்குமாறு அமைக்கப்படும். தமிழில் குறிலும் நெடிலுமே ஒலியின் அளவை வகுக்கின்றன. ஆங்கிலத்திற்குரிய அழுத்தம் நம் மொழியில் இல்லை. மேலும் நம் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. மரியாளின் பாட்டில் வரும் ‘மகிமைப்படுத்துகிறது’ என்னும் ஒரே சொல்லில் உயிரேறிய எழுத்துக்கள் ஒன்பது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல்லுக்கு மூன்றே அசை. அதுவும் வாக்கியத்தின் நடுவில் வருவது. ஆங்கிலத்தில் முதற்பாதி ‘ஆண்டவர்’ என்னும் சொல்லில் போய் நிற்கும். சுரமும் அங்கே நிற்கும். தமிழிலோ ‘ஆத்துமா’, ‘கர்த்தர்’ என்னும் உயிர்நாடியான சொற்கள் ஓதுசுரத்தில் விரைந்து ஓடிவிடுகின்றன. அழகிய இறங்குசுரங்கள் அனைத்தும் ‘கிறது’ என்னும் விகுதிக்குப் போய்ச் சேருகின்றன. விகுதியை அலங்கரித்துப் பொருளை விழுங்கும் இசை இது. பாடுவோர் பயிற்சியில் குறைந்தவர் என்பது இதற்குக் காரணம் அன்று. மொழியின் எலும்பமைப்பே வேறு.

இவ்வளவு இருந்தும், விடுதிப் பள்ளிகளில் இளமையிலேயே பயின்றவர்கள் இதை மனப்பாடமாகப் பாடினர். அதை நேசிக்கவும் செய்தனர். சங்கீதப் புத்தகம் முழுவதையும் மாதந்தோறும் வாயில் வைத்திருந்த தலைமுறையை இது உருவாக்கியது. இந்நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. இன்றைய சபையில் எத்தனை பேருக்கு ஐந்து சங்கீதங்களாவது மனப்பாடம்?

இம்முறைக்கு எதிர்ப்புறத்தில் கீர்த்தனை நின்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பாடல்களை அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் திரட்டி, 1853இல் கீர்த்தனைப் புத்தகம் வெளியிட்டார். ராக்லாந்து ஐயர் சிவகாசிக்கு வந்ததற்கு முந்திய ஆண்டு அது. கீர்த்தனையில் பல்லவி மீண்டும் மீண்டும் வருகிறது. எழுத்தறியாதவரும் பல்லவியைப் பற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். மோனையும் எதுகையும் நினைவுக்குத் துணை. தமிழ்ச் சொல்லின் நெடிலும் குறிலும் தாளத்தில் தம் இடத்தைத் தாமே கண்டுகொள்ளுகின்றன.

எனினும் கீர்த்தனையை எளியோரின் குரல் என்றும் சாண்டை அந்நியரின் குரல் என்றும் பிரித்துவிட முடியாது. சாஸ்திரியார் 1829ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிய மிஷனெரிமாரை எதிர்த்து எழுதிய குறைகளில், தமிழ்ப் பாடல்களை ஆராதனையிலிருந்து விலக்கியது ஒன்று. திருவிருந்தில் சாதி வேற்றுமையை நீக்கியது மற்றொன்று. இவ்விரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். தமிழிசைக்காக வாதாடிய அதே பேனா, தனித்தனியே அமர்ந்து திருவிருந்து பெறும் வழக்கத்திற்காகவும் வாதாடியது. இதை நாம் அவருடைய கவித்துவத்திற்குக் குறைவாகச் சொல்லவில்லை. இசையின் வரலாற்றைச் சாதியின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்லும் வழக்கம் நம் கல்விச்சாலைகளிலும் நீடித்தபடியால் இதைச் சொல்லவேண்டியதாயிற்று.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெப் ஐயரின் கீர்த்தனைப் புத்தகத்தில் வளர்ந்த அமெரிக்க மிஷன் சபைகளும், ஜெப புஸ்தகத்தில் வளர்ந்த சிவகாசிப் பகுதிச் சபைகளும் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தில் ஒன்றாயின. முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். 1950இல் வெளிவந்த திருவிருந்து வழிபாட்டு முறை, சபையார் பதிலுரைக்கும் பகுதிகளைப் பெருக்கியது. முன்பு குருவானவரும் பாடகர் குழுவும் சொல்லியவற்றுள் பல சபைக்குத் திரும்பின. சொல் கிடைத்தது, அதற்கேற்ற இசை உடனே கிடைக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சி 1969இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், மதுரை அரசரடியில், வளர்ந்தது. தாமஸ் தங்கராஜ் கர்நாடக இராகங்களில் வழிபாட்டுக்குரிய பாடல்களை இயற்றினார். அங்கே ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), ‘பறட்டை’ என்னும் பெயரில் அறியப்பட்டவர், வேறு வழியில் சென்றார். கர்நாடக இசையும் ஒரு சாராரின் உடைமையே என்றார் அவர். தலித் மக்களும் உழைக்கும் மக்களும் தங்கள் இசை என்று சொல்லக்கூடிய நாட்டுப்புற மெட்டுக்களில் திருவிருந்து வழிபாட்டை அமைத்து, அதைக் கிராமிய இசை வழிபாடு என அழைத்தார். நாட்டுப்புறப் பாட்டைப் பாடுவோர் தம் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தாளில் எழுதி முடித்த இசையில் அவ்வுரிமை இல்லை என்பது அவர் வாதம். ஒரே உலையில் சமைத்து யாவரும் சேர்ந்துண்ணும் ‘ஒரு உலை’ என்னும் கருத்து அவர் பாடல்களின் இறையியல் மையம். சாஸ்திரியார் பிரித்துவைக்க விரும்பிய பந்தியை அப்பாவு பாட்டினால் ஒன்றாக்கினார் என்று சொன்னால் மிகையன்று. பறைக்கு ஆலயத்தில் இடமுண்டோ என்று முகஞ்சுளித்தோரும் இருந்தனர்.

அப்பாவு ஆங்கிலிக்கன் மரபை உடைத்தார் என்று சிலர் சொல்வதுண்டு. இதை ஏற்க நமக்குக் கூடவில்லை. இங்கிலாந்துப் பேராலயங்கள் இருபதாம் நூற்றாண்டில் செய்தது என்ன? பழைய ஜெப புஸ்தகத்தின் அதே சொற்களைத் தம் காலத்து இசைஞரிடம் கொடுத்துப் புதிதாக இசையமைக்கச் சொன்னார்கள். ஹெர்பர்ட் ஹவெல்ஸ் 1945இல் கிங்ஸ் கல்லூரிக்காக மரியாளின் பாட்டுக்கும் சிமியோனின் பாட்டுக்கும் இசையமைத்தார். வால்டர் ஹஸி என்னும் குருவானவர் 1943இல் நார்தாம்ப்டன் நகரத்துத் தம் ஆலயத்திற்காக பெஞ்சமின் பிரிட்டனிடம் பாடல் கேட்டுப் பெற்றார். அவரே பின்பு சிசெஸ்டர் பேராலயத் தலைவராகி, அமெரிக்க யூதரான லெனார்ட் பெர்ன்ஸ்டீனிடம் சங்கீதங்களுக்கு இசை கேட்டார். 1965இல் அவை எபிரெய மொழியிலேயே பாடப்பட்டன. ஆங்கிலிக்கன் ஆலயத்திற்கு எபிரெயப் பாட்டு! யாரும் மரபு அழிந்தது என்று புலம்பவில்லை. வழிபாட்டின் நிலையான சொல்லை வாழும் இசைஞனிடம் ஒப்படைப்பதே இம்மரபின் நடைமுறை. அப்பாவு செய்ததும் அதுவே. விக்டோரியா காலத்துச் சாண்டை மாற்றாமல் காத்துவரும் நம் பாடகர் குழுவைவிட அவர் கிரான்மருக்கு நெருங்கியவர் என்று நாம் துணிந்து சொல்லுவோம்.

விஸ்வநத்தம் போன்ற ஊரில் ஊழியஞ்செய்யும் ஆயருக்கு இவ்வரலாறு ஏட்டளவில் நிற்பதன்று. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசு ஆலைகளில் வேலை மும்முரமாயிருக்கும். மாலைப் பயிற்சிக்கு ஆள் சேராது. தீபாவளி கழிந்து ஆலைகள் சில வாரம் ஓய்ந்திருக்கும்போதே கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கான பயிற்சி சூடுபிடிக்கும். நான்கு குரலுக்கும் ஆள் கிடைக்காதபோது கீபோர்டு வாசிப்பவர் மற்றக் குரல்களை நிரப்பிவிடுகிறார். ஒலிபெருக்கி சபையின் குரலையும் மூடிவிடுகிறது. சாண்ட் காலத்தில் பாடகர் குழு சபையைவிட உரக்கப் பாடியது. இப்போது கருவி குழுவைவிட உரக்கப் பாடுகிறது. சபை இரண்டு முறையும் கேட்போராகவே நிற்கிறது.

அடக்க ஆராதனையில் இது வெட்டவெளிச்சமாகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகள் இப்பகுதியில் ஓயவில்லை. அப்படிப்பட்ட நாளில் பயிற்சிக்கு நேரமில்லை. கருவியும் கல்லறைக்கு வருவதில்லை. அங்கே நிற்கும் பெண்களுக்கு எந்தப் பாட்டு புத்தகமின்றித் தெரியுமோ, அதுவே அச்சபையின் உண்மையான வழிபாட்டு இசை. கிறிஸ்மஸ் பயிற்சிக்கென ஒதுக்கும் வாரங்களில் ஓர் இரவையாவது முழுச் சபையோடும் அமர்ந்து, மரியாளின் பாட்டையும் அடக்க ஆராதனையின் வாக்கியங்களையும் அவர்கள் வாய்க்குப் பழகிய மெட்டில் பயிற்றுவிக்கும் ஆயர்களும், அவர்களோடு உட்கார்ந்து மெட்டுக்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் மாணவர்களும் நமக்குத் தேவை.